படத்தைத் தாய்மார் எடுக்கட்டும், பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 11 தேசியப் பாதுகாப்பான தாய்மை நாள். அந்த வாரம் வந்துவிட்டால் தாய்மை நலம் பற்றிய குறும்படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும். பெரும்பாலும் ஒரே கதைதான். பரிசோதனைக்குப் போகாத பெண், தடுக்கிற மாமியார், குடிக்கிற கணவன், கடைசியில் ஒரு அழுகை, அதன்மேல் ஒரு அறிவுரை. அறிவுரையெல்லாம் மாசமாக இருக்கிறவளுக்குத்தான். துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அதில் ஒரு வரியும் இராது. திருநெல்வேலிச் சீமையில் இதை மாற்றலாம். பிள்ளை பெற்ற பெண்களும் பெறப்போகும் பெண்களும் தாங்களே படம் எடுத்து, தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுகிற பங்கேற்புக் காணொளி முறையை மாவட்ட நிர்வாகம் ஏற்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் நிலவரம். இந்திய மாதிரிப் பதிவு முறையின் 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மார் இறந்தனர். இந்தியச் சராசரி 97. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 19. நம் மாநிலத்தில் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு, 108 உண்டு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி உண்டு. வீட்டுப் பிரசவம் அநேகமாக மறைந்துவிட்டது. அப்படியிருக்க, 'ஆஸ்பத்திரிக்குப் போ' என்று இன்னொரு படம் எடுப்பதில் என்ன பயன்? மிச்சமிருக்கும் இறப்புகளுக்குக் காரணம் அதிக ரத்தப்போக்கு, உயர் ரத்த அழுத்தம், கிருமித்தொற்று, ஏற்கெனவே இருந்த ரத்தசோகை, இதய நோய் போன்றவை. இவற்றில் தாமதம்தான் ஆளைக் கொல்கிறது. போகலாமா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்று மருத்துவத் துறையினரே மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதல் தாமதத்தைப் பற்றி ஆயிரம் படம் வந்துவிட்டது. இரண்டாவதையும் மூன்றாவதையும் அனுபவித்தவர்கள்தான் காட்ட முடியும்.

இந்த முறை புதிதல்ல. 1967இல் கனடாவின் ஃபோகோ தீவில் மீனவக் குடும்பங்களை வேறு இடத்துக்குப் பெயர்க்க அரசு யோசித்தபோது, அந்நாட்டுத் திரைப்பட வாரியமும் மெமோரியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அம்மக்களின் பேச்சைப் படமாக்கின. படம் முதலில் தீவுக்காரர்களுக்கே காட்டப்பட்டது. அவர்கள் சம்மதித்த பகுதிகள் மட்டுமே அமைச்சர்களுக்குப் போயின. மீன்வளத் துறை அமைச்சரின் பதிலும் படமாகி, தீவுக்குத் திரும்பி வந்தது. அந்தப் போக்கும் வரத்தும்தான் இந்த முறையின் உயிர். 1984இல் அகமதாபாத்தில் சுயதொழில் பெண்களின் சங்கமான சேவா அமைப்பு வீடியோ கருவியைக் கொடுத்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத காய்கறி வியாபாரிப் பெண்களும் அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். இன்று அந்தக் கருவியை விடச் சிறந்த கேமரா முக்கூடலில் பீடி சுற்றுகிற அக்காவின் செல்போனிலேயே இருக்கிறது.

ஆள் சேர்ப்பதில் தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். ஒரு குழுவுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் நான்கு பேர் எடுப்பார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கர்ப்பிணிகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மார், ஒன்றிரண்டு மாமியார்கள், அங்கன்வாடிப் பணியாளர் என்று கலந்து இருக்கலாம். ஆனால் கிராம சுகாதார செவிலியரைக் குழுவில் உட்கார வைக்கக் கூடாது. அவர் முன்னால் அவரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவரைத் தனியாகப் பேட்டி எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். எந்தத் தெருவில் கூடுகிறோம் என்பதும் முக்கியம். ஊர் நடுவே ஒரு வீட்டு முற்றத்தில் வைத்தால் காலனிப் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் வாசலோடு நிற்பார்கள். அங்கன்வாடியோ பள்ளிக்கூடமோ நல்லது.

மூன்று நாள் தொடர் பட்டறை என்பது தொண்டு நிறுவனங்களுக்கு வசதி, பெண்களுக்கு அல்ல. பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு நாள் உட்கார்ந்தால் ஒரு நாள் வரும்படி போச்சு. மதியம் இரண்டு முதல் நான்கரை வரை, வாரம் இரண்டு தடவை, ஒரு மாதம் என்று வைத்தால் வருவார்கள். இழக்கிற கூலியைக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தனியாக வேண்டும். இந்த ஒரு செலவை மிச்சம் பிடித்தால் மூன்றாம் வாரம் பாதிப்பேர் காணாமல் போவார்கள். பிள்ளை பெற்று 42 நாள் ஆகாதவர்களை வரச் சொல்லக் கூடாது. தாய்மை இறப்பு என்று கணக்கில் வருவதும் அந்த 42 நாள் வரைதான். அவர்கள் வீட்டுக்குக் கேமரா போகட்டும்.

முதல் நாள் பாடம் நடத்த வேண்டாம். வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் அடுத்தவரைப் படம் பிடித்து, "பேரு என்ன, பொறந்த ஊரு எது, தலைப்பிள்ள எங்க பெத்தீக?" என்று கேட்டால் போதும். சுற்று முடிந்ததும் உடனே போட்டுப் பார்க்க வேண்டும். தலை வெட்டுப்பட்டிருக்கும், குரல் கேட்காது, வெளிச்சம் பின்னாலிருந்து வந்து முகம் கறுத்திருக்கும். ஏன் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பயிற்சியாளர் போனைக் கையில் வாங்கித் திருத்திக் காட்டினால் அத்தோடு கதை முடிந்தது. அதன்பிறகு அவர்தான் கேமராமேன். இரண்டாம் நாள், பீடி சுற்றுவதையோ தண்ணீர் பிடிப்பதையோ ஐந்து ஷாட்டில் எடுக்கச் சொல்லலாம்: தூரத்திலிருந்து, பக்கத்திலிருந்து, கை மட்டும், முகம் மட்டும், தோளுக்குப் பின்னாலிருந்து. ஒவ்வொன்றும் பத்து எண்ணும் வரை அசையாமல் நிற்க வேண்டும். இது கைக்கு வந்துவிட்டால் படத்தொகுப்பில் பாதிச் சிரமம் குறையும்.

மூன்றாம் கூட்டத்தில் தரையில் கோலமாவால் ஊர்ப்படம் போடலாம். துணை சுகாதார நிலையம், பஸ் நிற்கும் இடம், 108 எதுவரை உள்ளே வரும், ஸ்கேன் எடுக்க எங்கே போகிறார்கள், இரவில் கதவு தட்டினால் திறக்கிற வண்டிக்காரர் வீடு எது என்று எல்லாம் குறிக்க வேண்டும். பிறகு பிரச்சினைகளை வரிசையாக எழுதி வைத்து, ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து, எது பெரிது என்று நினைக்கிறார்களோ அங்கே வைக்கச் சொல்லலாம். அதிகக் கொட்டை விழுந்த ஒன்றுதான் படத்தின் பொருள். ஒரு படத்துக்கு ஒரு கோரிக்கை. ஐந்து கோரிக்கையைத் திணித்தால் அதிகாரி தனக்கு எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்.

நம் பக்கத்துக்கே உரிய பொருள்கள் ஏராளம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் வழக்கம். கணவன் ஊரில் ஒரு செவிலியர் ஏழெட்டு மாதம் பார்த்திருப்பார். தாய் ஊரில் வேறொருவர் புதிதாகப் பார்க்கத் தொடங்குவார். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண் கூடவே வரும். ஆனால் எடையும் ரத்த அழுத்தமும் எப்படி ஏறி வந்தன என்ற நினைவு உடன் வராது. அழுத்தம் 140/90ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். போன மாதம் 110 இருந்தது என்று தெரிந்தவருக்கு அது இன்னும் சீக்கிரம் உறைக்கும். அட்டையை ஒரு செவிலியர் எழுதுவதையும் இன்னொருவர் வாசிப்பதையும் அடுத்தடுத்துக் காட்டுகிற ஆறு நிமிடப் படம் போதும், ஊர் மாறும் கர்ப்பிணிக்காக ஒரு போன் அழைப்பைக் கட்டாயமாக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இரும்புச்சத்து மாத்திரை இன்னொன்று. 60 மில்லிகிராம் இரும்பும் அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையைக் கர்ப்பத்தில் 180 நாள், பிறகு 180 நாள் சாப்பிட வேண்டும் என்பது அரசின் திட்டம். மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு புரட்டுகிறது, பிள்ளை கறுத்துவிடும் என்று பேச்சு என்பதால் பரணில் சேர்ந்துகொண்டே போகும். வேலை நடுவே நான்கைந்து தடவை டீ குடிப்பவர்களுக்கு, டீயோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் அதே வேளையில் போடக் கூடாது. இதை மருத்துவர் சொல்வதை விட, சாப்பிட்டு முடித்த ஒரு மதினி தன் அட்டையில் 8இலிருந்து 11க்கு ஏறிய ஹீமோகுளோபினைக் காட்டிச் சொன்னால் எடுபடும்.

எங்கள் கணிப்பில் எல்லாவற்றையும் விட வலுவானது வழிப்படம். ஊரிலிருந்து பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரி வரை, அங்கிருந்து ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி என்கிற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை, வண்டியின் முன்கண்ணாடியில் போனைப் பொருத்தி, வெட்டாமல் எடுப்பது. தொடங்கும்போதும் முடியும்போதும் கடிகாரத்தையும் கிலோமீட்டர் மீட்டரையும் காட்ட வேண்டும். பகலில் ஒன்று, இரவு பத்து மணிக்கு மேல் ஒன்று. காரையாறு காணிக் குடியிருப்புகளிலிருந்து என்றால் வனச் சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும் நேரமும் பதிவாகும். அணைக்கு அப்பால் இஞ்சிக்குழி மாதிரி இடங்களுக்கு வண்டியே கிடையாது, நடையைத்தான் எடுக்க வேண்டும். உவரி, கூட்டப்புளி போன்ற கரையோர ஊர்களுக்கு ரயில்வே கேட், ராதாபுரம் பக்கம் பேருந்து இல்லாத இரவு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையூர்கள் துண்டாகி நின்றபோது கர்ப்பிணிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டி வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஐப்பசி பிறக்கும் முன்பே, எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும், அந்தப் பக்கத்தில் யார் யாருக்கு நாள் நெருங்குகிறது என்று காட்டுகிற வழிப்படம் மாவட்டப் பேரிடர்க் கூட்டத்துக்கே பயன்படும். பிறகு அதை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி, ஓரத்தில் உண்மையான நிமிடங்களை எழுதினால் இருபது நிமிடப் பயணம் ஐந்து நிமிடத்தில் முடியும். பிரசவத்துக்குப் பின் ரத்தம் அரை லிட்டரைத் தாண்டிவிட்டால் அபாயக் கணக்கு தொடங்கிவிடும். திரையில் ஓடும் நிமிடத்தைப் பார்க்கும் மருத்துவ அலுவலருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கருவி பற்றிச் சில சொற்கள். இரண்டு போன், ஒரு முக்காலி, வயர் உள்ள காலர் மைக் இரண்டு, 64 ஜிபி மெமரி கார்டு இரண்டு, ஒரு பவர் பேங்க். மைக் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். 1080 தரத்தில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி பிடிக்கும். ஒரு கார்டில் ஏழு மணி நேரம் வரை எடுக்கலாம். 4கே வேண்டாம், பழைய லேப்டாப்பில் தொகுக்க முடியாது. போனைக் குறுக்காகப் பிடிக்க வேண்டும், திரையிடப் போவது புரொஜெக்டரில். எடுக்கும்போது ஏரோபிளேன் மோடு. இல்லையென்றால் ஒருவர் அழத் தொடங்கும் நேரத்தில் சரியாக யாராவது கூப்பிடுவார்கள். ட்யூப்லைட்டின் கீழ் படத்தில் கோடு கோடாக ஓடினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், போன் 30 ஃபிரேமில் எடுக்கிறது என்று பொருள். 25க்கு மாற்றலாம், அல்லது புரோ மோடில் ஷட்டரை 1/50 என்று வைக்கலாம். பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் வட்டாரத்தில் வைகாசி முதல் ஆவணி வரை காற்று பேச விடாது. மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டிச் சுவர் மறைவில் உட்கார வைக்க வேண்டும். ஊரில் கோயில் கொடை நடக்கிற வாரத்தில் எடுக்கவே வேண்டாம், ஒலிபெருக்கிக்கு மேல் எதுவும் கேட்காது.

இனி சம்மதம். இதில் தவறினால் நன்மை செய்யப் போய் ஒரு பெண்ணின் குடித்தனத்தைக் கெடுத்துவிடுவோம். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் ஆயிற்று என்பது தப்பு. எடுக்கும் முன் ஒரு முறை, தொகுத்ததைப் பார்த்த பின் ஒரு முறை, புதிதாக யாருக்குக் காட்டுவதானாலும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். ஊருக்குள் காட்ட வேண்டாம், கலெக்டருக்கு மட்டும் காட்டுங்கள் என்று ஒருத்தி சொன்னால் அப்படியே. முகத்தை இருட்டாக்கினால் அடையாளம் தெரியாது என்று நினைக்கிறவர்கள் கிராமத்தில் இருந்ததில்லை. இருமினாலே யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள். மறைக்க வேண்டுமென்றால் வேறொரு பெண்ணின் குரலில் திரும்பச் சொல்லி, கைகளையோ கோட்டுப் படங்களையோ காட்டுவதே வழி. பதினெட்டு வயது நிரம்பாத தாய் என்றால் கேமராவையே எடுக்கக் கூடாது. அவரது பெயர், முகம், குடும்பம், பள்ளி, தெரு எதுவும் வெளிவரக் கூடாது என்பது சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். அந்தக் கதை தேவைதான், ஆனால் யாருடைய கதை என்று தெரியாதபடி வரைந்து மட்டும் சொல்லலாம். ஆஸ்பத்திரிக்குள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. பிரசவ அறைப் பக்கம் போகவே கூடாது. ஸ்கேன் பற்றிய பேச்சில் ஆணா பெண்ணா என்று ஒரு சொல் வந்தாலும் வெட்டிவிட வேண்டும்.

இறந்த பெண்ணின் வீட்டில் போய் எடுப்பதை நாங்கள் ஏற்பதில்லை. சம்மதம் சொல்ல வேண்டியவர் இல்லை, அழுகையில் இருப்பவர்களின் தலையசைப்பு சம்மதமும் ஆகாது. மயிரிழையில் பிழைத்து வந்தவர்களை எடுங்கள். வலிப்பு வந்து பிழைத்தவர், ஐந்து யூனிட் ரத்தம் ஏற்றிப் பிழைத்தவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். எங்கே தாமதமானது, எங்கே யார் விரைந்து செயல்பட்டார் என்று இரண்டையும் அவரால் சொல்ல முடியும். அந்த இரண்டாவதை விட்டுவிடக் கூடாது. செவிலியரை மட்டும் குற்றம் சாட்டுகிற படம் வெளியானால் அவரை மாற்றுவார்கள், அந்த இடம் காலியாகும், ஊருக்குத்தான் நட்டம். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது கணக்கு. பக்கத்துக் காலியிடத்தையும் சேர்த்துப் பார்க்கிறவரின் ஒரு நாளையும் பெண்களே எடுத்துச் சேர்த்தால் கோரிக்கைக்கு அவரே துணையாக வருவார்.

தொகுப்பைக் கணினியில் தொடங்கக் கூடாது. ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு துண்டுத் தாளில் எழுதியோ வரைந்தோ பாயில் பரப்பி, பெண்களே முன்பின்னாக அடுக்க வேண்டும். அடுக்கிய வரிசைப்படி ஒருவர் கணினியில் சேர்க்கட்டும். ஐந்து முதல் எட்டு நிமிடம் போதும். பின்னணி இசை வேண்டாம். சோக வயலின் ஏறியதும் பார்ப்பவர் இரங்கத் தொடங்குவார், இரக்கம் வந்ததும் கோரிக்கை மறந்துவிடும். பேச்சைப் புத்தகத் தமிழுக்கு மாற்றவும் வேண்டாம். 'வலி வந்துட்டு, வண்டி வரல' என்பதை நெல்லையில் வேலை பார்க்கிற எந்த அதிகாரியும் புரிந்துகொள்வார்.

அடுத்தது, யாருக்குக் காட்டுவது. பலரும் தடுமாறுவது இதில்தான். ஆரம்ப சுகாதார நிலையமும் துணை நிலையமும் மாவட்ட சுகாதார அலுவலரின் பொறுப்பு. தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் இணை இயக்குநரின் பொறுப்பு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை டீனுடையது. அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ ரத்த இருப்பு பற்றிய படத்தைச் சுகாதார அலுவலரிடம் காட்டினால், 'அது என் கையில் இல்லை' என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். சாலை, தரைப்பாலம், பேருந்து என்றால் ஊரக வளர்ச்சி, நெடுஞ்சாலை, போக்குவரத்துக் கழகம். எடுப்பதற்கு முன்பே பார்வையாளர் யார் என்று பெயர்ப்பலகை அளவுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் திரையிடல் எடுத்தவர்களுக்கு. இரண்டாவது ஊருக்கு, அவர்கள் ஒத்துக்கொண்டால். மூன்றாவது அதிகாரிக்கு. நான்காவதாக, அதிகாரியின் பதிலைப் பெண்களே படமெடுத்து ஊரில் காட்டுவது. இந்த நான்காவது நடக்காத படம் விருது வாங்கலாம், வேலைக்கு ஆகாது. 'பரிசீலிக்கிறோம்' என்ற பதிலோடு விடாமல், எந்த மாதத்துக்குள், யார் என்று கேமரா முன் கேட்க ஒருவரைப் பழக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே கேள்வியோடு அதே கேமரா திரும்பப் போக வேண்டும்.

எனவே மாவட்ட நிர்வாகங்களிடம் கேட்பது இவை. கிராம சபை கூடும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் ஏதேனும் இரண்டிலாவது, ஊராட்சிப் பெண்கள் எடுத்த படத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, தொடர்ந்து வருகிற தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆட்சியர் தலைமையிலான தாய்மை இறப்பு ஆய்வில் இறந்தவரின் உறவினர்களை அழைத்துக் கேட்க மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளே இடம் தருகின்றன. அதே கூட்டத்தின் தொடக்கத்தில், பிழைத்து வந்த தாய்மாரின் படம் ஒன்றைப் பார்க்கலாம். விசாரணைக்கு அதைச் சாட்சியமாக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் யாரும் பேச வரமாட்டார்கள். வட்டாரத்துக்கு ஒரு கருவிப் பெட்டியை மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் பொறுப்பில் வைக்கலாம். சுகாதாரத் துறை அலுவலகத்தில் வைத்தால் அலமாரியில் பூட்டிவிடுவார்கள். படத்தில் சேராத மூலக் காட்சிகள் உள்ள கார்டையும் அந்தக் கூட்டமைப்பே வைத்திருந்து, இறுதிப் படத்துக்கு எல்லோரும் சம்மதித்த ஒரு மாதத்துக்குள், எடுத்தவர்கள் கண்முன்னே அழித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கிராமப் பெண்களுக்குக் காணொளிப் பயிற்சி அளிப்போர் சிலர்,
பாளையங்கோட்டை